மணப்பெண்ணை வெளுக்காதீர்கள்

கல்யாண மேக்கப் கலைஞர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் வணக்கம்.

ஒரு பெண்ணின் முகத்தை ஊரே உற்றுப் பார்க்கிற நாள் அவள் கல்யாண நாள். அன்று எடுக்கும் படம்தான் கூடத்துச் சுவரில் காலத்துக்கும் தொங்கும். அந்தப் படத்தில் இருப்பது அவளே இல்லை என்பதுதான் என் வழக்கு.

போன ஆவணியில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு முகூர்த்தம். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் முகம் ரோஸ் கலந்த வெள்ளை. கூப்பிய கை நல்ல கறுப்பு. காது மடலும் கறுப்பு, அதை யாரும் கவனிக்கவில்லை போல. ஓமப் புகையில் வேர்த்து நெற்றியோரம் ஒரு கோடு இறங்கியது. அந்தக் கோட்டுக்குள் மட்டும் எங்களுக்குத் தெரிந்த பெண் இருந்தாள். பந்தியில் பாதிப் பேச்சு அதுதான்.

மேக்கப் போடுகிறவர்களே, ரெண்டு ஷேட் ஏற்றிப் போட்டால் கறுத்த தோல் வெள்ளையாகாது, சாம்பல் பூக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். டைட்டானியம் டை ஆக்ஸைடு கலந்த கிரீமையும் சிலிக்கா பவுடரையும் அள்ளிப் போட்டு ஃபிளாஷ் அடித்தால் முகம் மாவு பூசியது போல வெளிறி வரும். ஷேட் பார்ப்பதற்கு இடம் மணிக்கட்டு இல்லை, தாடையோரம். அதுவும் ஜன்னல் வெளிச்சத்தில். இதைப் படித்துத்தானே தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள்? கறுப்புக்கு ஷேட் கிடைப்பதில்லை என்ற சாக்கும் இனி செல்லாது. 2017-ல் ஃபென்டி பியூட்டி 40 ஷேடுகளோடு கடைக்கு வந்த பிறகு மற்ற கம்பெனிகளும் கறுத்த தோலுக்கான வரிசையை நீட்டிவிட்டன. உங்கள் பெட்டியில் அவை இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

‘கேட்கிறாங்க, போடுறோம்’ என்பீர்கள். உண்மைதான். ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்று சொல்கிற அதே வாய்தான் மேக்கப் ரூம் கதவைத் திறந்து, ‘இன்னும் கொஞ்சம் கலரா தெரியட்டும்மா’ என்கிறது. கேட்பவர் அம்மாவாக இருப்பார், பெரியம்மாவாக இருப்பார், சில சமயம் வரப்போகும் மாமியாராகவும் இருப்பார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் வாய் திறப்பதே இல்லை. டிரையல் அன்று அவளைத் தனியாக வைத்து, ‘உனக்கு எப்படி வேணும்?’ என்று ஒருமுறை கேளுங்கள். நீங்கள் கேட்காமல் அந்த அறையில் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

புகைப்படக்காரர்களுக்கு: கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாகவே கணக்குப் போடும். வெள்ளை வேட்டியும் பின்னால் எரியும் எல்இடி சுவரும் ஃபிரேமை நிறைத்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கறுத்த முகம் இன்னும் இருண்டுபோகும். அது கணக்குப் பிழை, பெண்ணின் குறை இல்லை. வெளிச்சத்தை மென்மையாகப் பரப்பும் அகலமான சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், கன்னமேட்டில் ஒளி வழுக்கிக்கொண்டு நிற்கும். வெள்ளைத் தோலில் அந்த மினுக்கு அப்படி வராது. (இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு.) அதை விட்டுவிட்டு, படத்தைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை, அதாவது அந்த நிறத்தின் பிரகாசத்தை ஏற்றுகிறீர்கள். தோல் வெளுக்கிறது, கூடவே ஆரம் வெளுக்கிறது, மாம்பழக் கலர் பட்டும் வெளுக்கிறது. லட்ச ரூபாய் பட்டை இப்படியா சாயம் போக்குவது?

ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. அது பெயரிலிருந்து ‘ஃபேர்’ஐ எடுக்க 2020 ஆனது. அதே வருடம்தான் ஷாதி டாட் காம், வரன் தேடும்போது நிறத்தை வைத்து வடிகட்டும் வசதியை நீக்கியது. நம் சென்னையில் 2009-லேயே ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ பிரசாரம் தொடங்கியாயிற்று. கிரீம் கம்பெனி பெயருக்காவது கூச்சப்பட்டது. உங்கள் ரீல்ஸில் மட்டும் ‘பிஃபோர்’ என்று டியூப்லைட் வெளிச்சத்தில் உம்மென்று ஒரு கறுத்த முகமும், ‘ஆஃப்டர்’ என்று ரிங் லைட்டில் சிரிக்கும் வெளுத்த முகமும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்க்கிற பதினைந்து வயதுப் பிள்ளை தன்னை எந்தப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்? முதல் வேலையாக அவற்றை எடுத்துவிடுங்கள்.

என் தங்கை மகளுக்குத் தையில் கல்யாணம். நல்ல கறுப்பு, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவளுக்கு அவள் முகம் பிடித்திருக்கிறது. அதற்கே பல வருடம் ஆயிற்று. அட்வான்ஸ் கொடுக்க வரும்போது பேக்கேஜ் விலையை அப்புறம்தான் கேட்போம். முதலில் அவள் நிறத்து ஃபவுண்டேஷனை எடுத்து மேஜையில் வையுங்கள். பிறகு இதுவரை எடுத்த ஆல்பங்களில், முகமும் கையும் ஒரே நிறத்தில் இருக்கும் கறுத்த மணப்பெண் ஒருத்தியைக் காட்டுங்கள்.