டோஸ்ட் தாங்கிகளுக்கு ஒதுக்கிய ஆண்டு: செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

லண்டனின் வடமேற்குப் பகுதியில் வாழும் தமிழர்களாகிய நாம், பழம்பொருள் மீதுள்ள ஆசையால் கூடி நடத்திவரும் இச்சிறு சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா உயர்வு பற்றிய தீர்மானமும் அவருடையதே. மாதக் கூட்டங்கள் ஆகஸ்ட் தவிர எல்லா மாதங்களிலும் நடந்தன. வருகை திருப்திகரம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவானபடி, இவ்வாண்டு முழுவதையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம். காலை உணவு மேசையில், சுட்ட ரொட்டித் துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்திவைக்கும் டோஸ்ட் தாங்கிதான் அது. நம்மில் யாழ்ப்பாணத்தார் பாண் என்கிறோம், சென்னையார் பிரட் என்கிறார்கள். இருவருக்கும் பொதுவாகக் கூட்டக் குறிப்பில் ரொட்டி என்று எழுதிவருகிறேன். இவ்வளவு சிறிய பொருளில் ஓராண்டுக்குப் பேச என்ன இருக்கிறது என்று முதலில் தயங்கியவர்கள், இப்போது இன்னோர் ஆண்டு வேண்டும் என்று கேட்கிறார்கள்.

முதல் கூட்டத்தில் பேச்சுக்கு முன்பே அடுப்படிக்குப் போனோம். ஆறு துண்டுகளைச் சுட்டு, மூன்றைத் தட்டில் அடுக்கினோம், மூன்றைத் தாங்கியில் நிறுத்தினோம். ஐந்து நிமிடம் கழித்துத் தட்டிலிருந்ததைத் தூக்கிப் பார்த்தபோது பீங்கானில் ரொட்டியின் அளவுக்குச் சதுரமாக நீர் பூத்திருந்தது. அடித்துண்டு நமுத்துத் தொய்ந்துவிட்டது. தாங்கியில் நின்றவை விரலால் தட்டினால் ஓசை கேட்கும் அளவுக்கு மொறுமொறுப்பாக இருந்தன, ஆனால் ஆறிப்போயிருந்தன. சூட்டை விட்டுக்கொடுத்து மொறுமொறுப்பைக் காப்பாற்றுவதுதான் இந்தப் பாத்திரத்தின் வேலை. சுட்ட ரொட்டியிலிருந்து எழும் ஆவி வெளியேற வழிவேண்டும், அவ்வளவே. இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கம்பிகளுக்கிடையே ஏன் இத்தனை இடைவெளி, அடியில் ஏன் கால்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகக் கிடைத்தது. ஏழு கம்பி என்றால் ஆறு துண்டு, ஐந்து கம்பி என்றால் நான்கு. கம்பிகளை எண்ணித்தான் தாங்கியை வகைப்படுத்துகிறோம்.

1782-இல் இங்கிலாந்தைச் சுற்றிப்பார்த்த ஜெர்மானியர் கார்ல் பிலிப் மோரிட்ஸ், வெண்ணெய் தடவிய மெல்லிய துண்டுகளை முள்கரண்டியில் குத்தி நெருப்பில் காட்டி, வெண்ணெய் அடுக்கு முழுவதும் ஊறும்படி செய்து உண்பதை வியந்து எழுதியிருக்கிறார். அந்த வகை டோஸ்ட்டுக்குத் தாங்கி தேவையில்லை; அது அடுக்கில் ஊறவேண்டியது. வெண்ணெயை மேசையில் அவரவர் தடவிக்கொள்ளும் உலர்ந்த டோஸ்ட்டுக்கே தாங்கி வேண்டும். ஆங்கிலேய வெள்ளித் தாங்கிகள் 1770-களிலிருந்து கிடைக்கத் தொடங்குகின்றன. ஆக, இரண்டு பழக்கங்களும் ஒரே காலத்தில் அருகருகே இருந்திருக்கின்றன. இந்த ஒப்பீட்டை முன்வைத்த துணைச் செயலாளருக்கு நன்றி.

வெள்ளியின் தரம், சோதித்த ஊர், ஆண்டு ஆகியவற்றைக் காட்டப் பண்டத்தில் பொறிக்கும் முத்திரைகளைப் படிக்கும் பயிற்சி இரண்டு கூட்டங்களை எடுத்துக்கொண்டது. அது வீண்போகவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, தாங்கியைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கவேண்டும். நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு தூய்மையுள்ள ஸ்டெர்லிங் வெள்ளி. நங்கூரம் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன். ஷெஃபீல்டுக்குக் கிரீடம், 1975-லிருந்து அதற்குப் பதிலாக ரோஜா. பர்மிங்காமும் ஷெஃபீல்டும் 1773-இல்தான் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் மதிப்பீட்டு அலுவலகத்தைத் தமக்கெனப் பெற்றன. அரசர் அல்லது அரசியின் தலை பொறித்திருந்தால் பெரும்பாலும் அது 1784-க்கும் 1890-க்கும் இடையில் வரி செலுத்திய பண்டம். ஆண்டைக் குறிக்கும் எழுத்தை மட்டும் அட்டவணையோடு ஒப்பிடாமல் யாரும் சொல்லிவிடக்கூடாது. பழைய பண்டங்களில் ஒரே எழுத்து நகருக்கு நகர் வேறு ஆண்டைக் குறிக்கும். மின்முலாம் பூசிய தாங்கிகளில், கேடய வடிவக் கட்டங்களுக்குள் ஒவ்வோர் எழுத்தாக இ, பி, என், எஸ் (மின்முலாம் பூசிய நிக்கல் கலவை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பொறித்திருப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர் வெள்ளி முத்திரை என்றே நினைப்பார். நம் உறுப்பினர் இருவர் முன்பு அப்படி ஏமாந்தவர்கள். இனி ஏமாறமாட்டார்கள்.

கடிதம் செருகும் தாங்கியை டோஸ்ட் தாங்கி என்று வாங்கிவருவதும் குறைந்திருக்கிறது. பின்கம்பி உயர்ந்து முன்கம்பி தாழ்ந்து படிபோல் இறங்கினால் பெரும்பாலும் அது எழுதுமேசைக்கு உரியது.

இப்போது இவ்வாண்டின் வருத்தமான செய்திக்கு வருகிறேன். உறுப்பினர் ஒருவரிடம் 1800-ஐ ஒட்டிய ஒரு பழைய ஷெஃபீல்டு தகட்டுத் தாங்கி, அதாவது செம்பின்மேல் வெள்ளியைச் சூட்டில் ஒட்டிய தகட்டால் ஆனது, இருந்தது. மடக்கினால் கையளவு, விரித்தால் இரு மடங்கு நீளும் அமைப்பு. வைகாசியில் நம் கூட்டத்துக்கு அவர் அதைக் கொண்டுவந்தபோது எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். வளைவுகளின் மேற்புறத்தில், இருநூறு ஆண்டுகளாக விரல்கள் பட்டுப்பட்டு வெள்ளி தேய்ந்த இடத்தில், அடியிலுள்ள செம்பு மெல்லச் சிவந்து தெரிந்தது. விடியற்கால வானத்தின் ஓரம் போன்ற நிறம் அது. நான் அன்று பதிவேட்டில் "செம்பு தெரிகிறது, நன்று" என்று குறித்தேன். மறுபூச்சுப் படாத அசல் தகடு என்பதற்கு அதுவே அடையாளம் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. மகளின் திருமணத்துக்கு மேசையில் வைக்கவேண்டும் என்று அவர் அதை ஒரு பட்டறையில் கொடுத்தார். அங்கே கேள்வி எதுவும் கேட்காமல் புதிதாக மின்முலாம் பூசிக் கொடுத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தபோது கண்ணாடிபோல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓர் இணைப்பில் முன்பு பற்றவைத்திருந்த ஈயத்தை எடுக்காமலே சூடேற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஈயம் வெள்ளிக்குள் இறங்கிச் சாம்பல் குழி விழுந்திருக்கிறது. அதை இனி யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

அங்கே போனது என்ன என்பதை எல்லோரும் அறியவேண்டும். 1743 வாக்கில் ஷெஃபீல்டில் தாமஸ் பௌல்சோவர் என்ற கத்தித் தொழிலாளி, செம்பும் வெள்ளியும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும், ஒட்டியபின் ஒரே உலோகம்போல் சேர்ந்தே தகடாவதையும் கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் பழைய ஷெஃபீல்டு தகடு. தாங்கிக்கான கம்பியையும் அதே முறையில் இழுத்தார்கள். 1840-இல் பர்மிங்காமில் எல்கிங்டன் உறவினர்கள் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றபின் அந்தத் தொழில் தேய்ந்து மறைந்தது. மின்முலாம் தூய வெள்ளிப் படலம், அதனால் வெளிறிய வெண்மை. பழைய தகட்டில் ஸ்டெர்லிங் கலவை, அதனால் சற்று ஆழ்ந்த ஒளி. பழையதன் மேல் புதியதைப் பூசினால் இரண்டில் எதுவும் மிஞ்சாது. ஆகவே செயற்குழு ஒருமனதாக எடுத்த முடிவு: மெருகு, முலாம், பற்றவைப்பு எதுவாயினும், வெளியே கொடுக்குமுன் பொருளை இரண்டு உறுப்பினர்களாவது பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்லவேண்டும். அந்த உறுப்பினரே இத்தீர்மானத்தை முன்மொழிந்தார். அவருடைய பெருந்தன்மையை இங்கே பதிவுசெய்கிறேன்.

ஜூன் மாதம் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். வடிவமைப்பாளர் கிறிஸ்டோபர் டிரெஸ்ஸரைப் பற்றிப் பேசவே பாதி நாள் போனது. 1834-இல் கிளாஸ்கோவில் பிறந்து, தாவரவியல் கற்று, 1876-77-இல் ஜப்பான் சென்று வந்தவர். பர்மிங்காமின் ஹூக்கின் அண்ட் ஹீத், ஷெஃபீல்டின் ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ் ஆகிய நிறுவனங்களுக்கு அவர் வரைந்து கொடுத்த டோஸ்ட் தாங்கிகளில் பூ இல்லை, கொடி இல்லை. நேர்க்கம்பியும் முனையில் சிறு உருண்டையும்தான். விக்டோரியா அரசி காலத்துப் பண்டம் என்று சொன்னால் நம்புவது கடினம். இவர் பெயரைச் சொல்லி விற்கப்படுபவை ஏராளம் என்பதால் ஓர் எச்சரிக்கை: வடிவப் பதிவைக் குறிக்கும் வைரக்கட்ட முத்திரை 1842 முதல் 1883 வரைதான் உண்டு, அதன்பின் பதிவு எண்ணாக மாறிவிட்டது. அந்தக் கட்டத்தின் எழுத்துகளை முதலில் படியுங்கள், விலையைப் பிறகு கேளுங்கள். இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனம் அவருடைய வடிவங்களை மீண்டும் செய்து வெளிப்படையாகத் தன் பெயரிலேயே விற்றிருக்கிறது. அதை வாங்குவதில் தவறில்லை, பழையது என்று நினைத்து வாங்காதவரை.

செப்டம்பரில் பீங்கான் நகரமான ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பயணம். நம் பெண் உறுப்பினர்கள் வெகுநாளாகக் கேட்டது. வெள்ளிக்காரர்கள் பீங்கானைச் சற்றுத் தாழ்வாகப் பார்ப்பதுண்டு. அந்தப் பார்வை அன்றோடு போயிற்று என்று நம்புகிறேன். பதின்மூன்று வயதில் தொழிலுக்கு வந்து 1920-களின் இறுதியில் 'பிஸார்' என்ற பீங்கான் வரிசையின் துணிச்சலான நிறங்களைக் கொண்டுவந்த கிளாரிஸ் கிளிஃப் பிறந்த மண் அது. 'கார்ல்டன் வேர்' நிறுவனத்தின் இலை வடிவத் தாங்கிகளும், ராயல் வின்டன் பெயரில் கிரிம்வேட்ஸ் நிறுவனம் செய்த சின்ட்ஸ் எனும் பூவச்சு வகையும் நம்மிடம் அதிகம். சின்ட்ஸ் தாங்கி ஒன்றை அன்று மாலை விடுதி மேசையில் விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். துணிபோல் நெருக்கமான பூக்கள். ஆனால் தடுப்புச் சுவர் அடிப்பகுதியோடு சேரும் மூலையில் ஒரு மஞ்சள் பூ பாதியில் வெட்டப்பட்டு, அதனருகே கடுகளவு ஓர் இலை தனியாக ஒட்டப்பட்டிருந்தது. அச்சிட்ட தாளைக் கையால் வெட்டி ஒட்டிய பெண் ஒருத்தி, வெள்ளை தெரியக்கூடாது என்று அந்த மூலையை அடைத்திருக்கிறாள். யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்டிருக்கலாம், அவள் விடவில்லை. வெகுநேரம் யாரும் பேசவில்லை.

லண்டன் திரும்புமுன் வடக்கே மான்செஸ்டருக்குப் போய் ஃபாலோஃபீல்டில் வண்டியை நிறுத்தச் சொன்னதும் சிலருக்கு வியப்பு. நகரக் கட்டடக் கலைஞர் எல். சி. ஹோவிட் வடிவமைத்து 1960-இல் கட்டிமுடித்த ஒரு முன்னாள் கல்லூரிக் கட்டடம் அங்கே இருக்கிறது. மேலே போகப்போகக் குறுகும் கட்டடம், கூரைக்கு மேல் வரிசையாகக் கான்கிரீட் வளைவுகள். மக்கள் வைத்த பெயரே 'டோஸ்ட் ராக்'. சமையல் உள்ளிட்ட தொழில்களைக் கற்பித்த கல்லூரி என்பதால் பெயர் இன்னும் பொருந்திவிட்டது. அருகிலுள்ள வட்டக் கட்டடத்துக்குப் 'பொரித்த முட்டை' என்று பெயர். 'டோஸ்ட் ராக்' 1998 முதல் பாதுகாக்கப்பட்ட கட்டடம். குழுப்படம் எடுத்துக்கொண்டோம், அது சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது.

பராமரிப்பு பற்றி இந்த ஆண்டு வந்த கேள்விகளுக்குச் சுருக்கமாக. வெள்ளித் தாங்கியைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரிலுள்ள கந்தகம் கறுப்புக் கோடு போட்டுவிடும். முட்டையும் அப்படியே. முத்திரை உள்ள இடத்தில் மெருகுக் குழம்பு வேண்டவே வேண்டாம். பீங்கானில் வலைபோல் கீறல் விழுந்திருந்தால் வெளுப்பு நீரில் ஊறவைக்காதீர்கள், அது உள்ளே உப்பாக உறைந்து பூச்சைப் பெயர்த்துவிடும். வாங்குமுன் புற ஊதா விளக்கில் காட்டினால் மறைத்த ஒட்டுகள் பல வெளிச்சமாகிவிடும். சங்கத்துக்கென ஒரு விளக்கு வாங்கியிருக்கிறோம், பொருளாளரிடம் கேட்டுப் பெறலாம்.

நம் மூத்த உறுப்பினரான அம்மையார் முதியோர் இல்லத்துக்குச் செல்லுமுன் தம் தாங்கிகள் அனைத்தையும் சங்கத்துக்கு அளித்திருக்கிறார். கார்த்திகையில் தலைவரும் நானும் போய்ப் பெற்றுக்கொண்டோம். ஒவ்வொன்றின் உள்ளேயும், ரொட்டி நிற்கவேண்டிய இடத்தில், ஓர் அட்டை நின்றது. முதல் அட்டையில் நீல மையில்: "1968, போர்ட்டபெல்லோ சாலை, சனிக்கிழமை, மழை. இரண்டு பவுன் பத்து ஷில்லிங். ஒரு கால் பற்றவைத்தது, கடைக்காரரே சொன்னார். வீட்டுக்காரருக்கு முதல் சம்பளம்." அந்தத் தாங்கி மின்முலாம்தான், சந்தையில் இன்றும் சில பவுனுக்குக் கிடைக்கும். ஆனால் நம்மிடம் உள்ள எந்த ஸ்டெர்லிங் தாங்கிக்கும் இப்படியொரு அட்டை கிடையாது. எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலை, என்ன பழுது என்ற ஐந்தும் இல்லாமல் இனி எந்தப் பொருளையும் பதிவேட்டில் ஏற்றப்போவதில்லை. என்னுடையவற்றுக்கும் எழுதத் தொடங்கிவிட்டேன். பாதிக்கு எங்கே வாங்கினேன் என்பதே நினைவில் இல்லை, அது எனக்கு வலிக்கிறது.

அம்மையாரின் தாங்கிகள் அட்டைகளோடு அப்படியே தைப்பொங்கல் கண்காட்சியில் வைக்கப்படும். அவரை அழைத்துவர வண்டி ஏற்பாடாகியிருக்கிறது. வெற்று அட்டைகள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன, ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துச் செல்லுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்