கயேர் ஏரிக்கு இன்னும் இரண்டு ராத்திரி கொடுங்கள்

நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் கோப்ரா டாண்டா முகட்டு நடைக்கு ஆள் சேர்க்கும் தமிழ் மலையேற்றக் குழுக்களின் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

அடிவார முகாம்களையே சுற்றிக்கொண்டிருந்த நம் ஆட்கள் கூட்டமில்லாத தடம் தேடிக் கோப்ராவுக்கு வரத் தொடங்கியிருப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். பூன் ஹில் காட்சிமுனையில் விடியற்காலை ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்க்கும் அதே தவுளாகிரி மலையை, இங்கே 3,660 மீட்டர் உயரத்தில், விடுதி வாசலில் டீ டம்ளரோடு நின்று பார்க்கலாம். கீழே காளி கண்டகி ஆற்றுப் பள்ளம், பின்னால் அன்னபூர்ணா தெற்கு, நடுவில் கூரை முகடு மாதிரி நீண்டு கிடக்கும் புல்வெளி. எங்கள் சண்டை இடத்தோடு இல்லை. நீங்கள் போடும் நாள்கணக்கோடுதான்.

அடிக்கடி கண்ணில் படும் அட்டவணை இது. முதல் நாள் பொக்காராவிலிருந்து ஜீப்பில் உல்லேரி, அங்கிருந்து நடந்து கோரேபாணி. இரண்டாம் நாள் பூன் ஹில் பார்த்துவிட்டு ஸ்வாந்தாவுக்கு இறக்கம். மூன்றாம் நாள் ஸ்வாந்தாவிலிருந்து ஒரே மூச்சில் கோப்ரா. நான்காம் நாள் கோப்ராவுக்கும் மேலே இருக்கும் கயேர் ஏரி போய்த் திரும்புதல். ஐந்தாம் நாள் இறக்கம். லீவு கணக்குக்கு இது கச்சிதம். உடம்புக் கணக்குக்கு ஒத்துவராது.

ஸ்வாந்தா சுமார் 2,200 மீட்டர், கோப்ரா 3,660. ஒரே நாளில் கிட்டத்தட்ட 1,460 மீட்டர் ஏறி, ஏறிய உயரத்திலேயே படுக்கச் சொல்கிறீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால், முந்தின ராத்திரி தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதுதான் உயரமலை மருத்துவத்தின் பொது விதி. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட, ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதே முக்கியம். கோரேபாணியில் 2,860 மீட்டரில் ஒரு ராத்திரி தூங்கியாயிற்றே என்பீர்கள். மறுநாளே ஸ்வாந்தாவுக்கு இறங்கிவிடுவதால் அந்த ஒரு ராத்திரி பெரிதாகக் கைகொடுக்காது.

மறுநாள் அதிகாலை, சரியாகத் தூங்காத அந்த உடம்பை எழுப்பி இன்னும் ஆயிரம் மீட்டர் ஏறச் சொல்கிறீர்கள். கயேர் ஏரியின் உயரத்துக்கு வரைபடத்துக்கு வரைபடம் ஓர் எண் உண்டு, 4,500 முதல் 4,800 வரை. 4,600 என்றே வைத்துக்கொள்வோம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 56 சதவீதம்தான். கோப்ராவிலேயே அது 64 சதவீதம். மெரினாவில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் இந்தக் கணக்கில் தள்ளுபடி கிடையாது. ‘வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினவங்க, இது என்ன’ என்று விளம்பரத்தில் எழுதாதீர்கள். வெள்ளியங்கிரி முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நல்ல பயிற்சி, உயரத்துக்கு அல்ல. தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். இந்த நடையின் முதல் ராத்திரியே அதற்கு 200 மீட்டர் மேலே. அதாவது, உங்கள் ஆளுக்கு உயரம் ஒத்துக்கொள்ளுமா என்பதை ஊரில் சோதித்துப் பார்க்க வழியே இல்லை.

எனவே நாங்கள் கேட்பது இரண்டு ராத்திரி. ஒன்று ஸ்வாந்தாவுக்கும் கோப்ராவுக்கும் நடுவே, சிஸ்திபுங்கில். தன் கர்கா என்றும் சொல்வார்கள். கர்கா என்றால் மேய்ச்சல் வெளி. ஏறத்தாழ 3,000 மீட்டர், காட்டுக்கு நடுவே. மற்றொன்று கோப்ராவிலேயே, ஏரிக்குப் போவதற்கு முன். அந்த ஓய்வு நாளில் போர்வைக்குள் சுருண்டு கிடக்க வேண்டாம். ஏரிப் பாதையிலேயே 3,900, 4,000 மீட்டர் வரை மெதுவாக ஏறி, அரைமணி உட்கார்ந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். யாருக்குத் தலைவலி, யாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, யார் பேச்சைக் குறைத்துவிட்டார் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். சிஸ்திபுங்கிலிருந்து கோப்ராவும் 660 மீட்டர், விதியைவிடக் கொஞ்சம் அதிகம்தான். அந்தக் கடனைத்தான் இந்த ஓய்வு நாள் அடைக்கிறது.

ஏரி நாளுக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும், அதை எழுத்தில் வையுங்கள். விடியற்காலை 4:30க்குக் கிளம்பினால், மணிக்கு 200 மீட்டர் ஏறும் குழு 9:30 வாக்கில் ஏரியில் இருக்கும். பாதை இடையிடையே இறங்கி ஏறுவதால் பத்து மணி என்று கொள்ளலாம். இறங்க மூன்று, மூன்றரை மணி. முதல் சோதனை 6:30க்கு: உயரமானி 4,000 மீட்டரைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லையென்றால் அந்த ஆள் அன்று ஏரியைப் பார்க்கப் போவதில்லை, துணைக்கு ஒரு வழிகாட்டியோடு திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது, 11 மணி. எங்கே நின்றாலும், ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பல். இதற்காகவே பத்துப் பேர் குழுவுக்கு இரண்டு வழிகாட்டிகளாவது வேண்டும். ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு பத்துப் பேரை அழைத்துப் போனால், ஒருவருக்கு முடியாமல் போனதும் நீங்கள் ஒன்பது பேரையும் திருப்ப வேண்டும், இல்லையென்றால் முடியாதவரைத் தனியே விட வேண்டும். தனியே விட்டால் எதில் போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏன் 11 மணி? காளி கண்டகி பள்ளத்தாக்கில் வெயில் ஏற ஏறக் காற்று கீழிருந்து மேலே வீசும். முற்பகல் முடிவதற்குள் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு முகட்டுக்கு வந்துவிடும். காலையில் பளிச்சென்று நின்ற மலை மதியம் வெள்ளைச் சுவராகிவிடும். கயேர் பாதையின் மேல்பாதி புல்சரிவை விட்டுப் பாறைச் சரிவுகளைக் குறுக்கே வெட்டிப் போகிறது. நிழல் விழும் ஓடைத் தடங்களில் நீர் உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். ஏறும்போது பார்த்துப் பார்த்துக் கால் வைத்தவர்கள், மேகத்துக்குள், களைத்துப்போய் இறங்கும்போதுதான் அங்கே வழுக்குகிறார்கள். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை போகிறவர்கள் ஷூவில் மாட்டும் இரும்புப் பல் சங்கிலி இல்லாமல் அந்தப் பக்கம் கால் வைக்க வேண்டாம். புதுப்பனி முழங்காலுக்கு வந்தால் சங்கிலி இருந்தும் பயனில்லை.

அக்டோபர், நவம்பரில் போகும் குழுக்களுக்கு இன்னொன்று. வானிலை ஆப்பில் கோப்ராவை மட்டும் பார்க்காதீர்கள், வங்கக் கடலையும் பாருங்கள். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம்தான், இரண்டே நாளில் அன்னபூர்ணா பக்கம் பனிப்புயலாகக் கொட்டி, தோரோங் கணவாய் வட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சென்னைக்கு மழை வருமா என்று செய்தி பார்க்கத் தெரிந்த நமக்கு இது கைவந்த வேலை. ஆந்திரா, ஒடிசா கரையைத் தொட்டு வடக்கே திரும்பும் புயல் என்று அறிவிப்பு வந்தால், அந்த நான்கைந்து நாளுக்கு ஏரித் திட்டத்தை மூடிவிட்டு 3,000 மீட்டருக்குக் கீழே இருங்கள். ‘பணம் கட்டியாச்சு’ என்பதெல்லாம் மேகத்துக்குத் தெரியாது.

உயர நோயைப் பற்றிச் சுருக்கமாக. தலைவலியோடு வாந்தியோ தலைச்சுற்றலோ சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது, குறையும் வரை அதே இடம். தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலை ஒட்டும்படி பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், வறட்டு இருமல் விடாமல் இருந்தால், நுரையீரல். இரண்டுக்கும் முதல் வைத்தியம் இறக்கம்தான். ராத்திரி பன்னிரண்டு ஆனாலும் டார்ச் கட்டிக்கொண்டு சிஸ்திபுங்குக்கு இறக்கிவிட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை வைத்து முடிவெடுக்காதீர்கள். குளிரில் விறைத்த விரலில் அது வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும். அசெட்டசோலமைடு மாத்திரை (கடையில் டயமாக்ஸ்) முன்தடுப்பாக 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து என்பது வழக்கமான அளவு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். விரல் நுனி ஊசி குத்துவதுபோல் இருக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பயந்துபோய் ஆள் மாத்திரையையும் நிறுத்திவிடுவார், தண்ணீரையும் நிறுத்திவிடுவார்.

ஏரி நாளுக்கு ஆளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், அதில் ஒரு லிட்டர் ஃபிளாஸ்கில் வெந்நீராக. மற்ற பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், பனிக்கட்டி மேற்பரப்பில்தான் முதலில் பிடிக்கும், மூடிப்பக்கம் உறையாது. ரப்பர்க் குழாய் வைத்து உறிஞ்சும் பை வேண்டாம், ஐந்து மணிக்குள் குழாய் உறைந்துவிடும். பருத்தி பனியனும் கூடாது: வேர்வையைக் குடித்துவிட்டு, நின்ற இரண்டாவது நிமிடத்தில் ஈரத்துணி போட்டதுபோல் குளிரும். குரங்குக் குல்லாவைக் கிண்டல் செய்யாதீர்கள், அந்தக் காற்றுக்கு அதைவிட நல்லது எங்களுக்குத் தெரியவில்லை.

அனுமதிச்சீட்டு விஷயத்தில் குழப்பம் அதிகமில்லை. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான சீட்டு, இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்பது விதி. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதாரை மட்டும் நம்பி யாரையும் விமான நிலையத்துக்கு வரவழைக்காதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நம் குழுக்கள்மேல் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம். கோப்ராவில் இருப்பது தனியார் ஹோட்டல் அல்ல, ஊர்ச்சமூகம் நடத்தும் விடுதி. அந்த வருமானத்தில் கீழே மகர் இனத்தவரின் கிராமப் பள்ளிக்கூடங்களுக்குப் பங்கு உண்டு. நாங்கி கிராமத்தின் மகாவீர் புன், மலைக்கிராமங்களுக்குக் கம்பியில்லா இணையம் கொண்டுவந்ததற்காக 2007இல் மகசேசே விருது பெற்றவர், இந்தச் சமூக விடுதித் தடத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர். அங்கே அறை வாடகை குறைவு, வரும்படி சாப்பாட்டில்தான். நீங்கள் ஸ்டவ், அரிசி, சமையல்காரர் என்று மூட்டை கட்டிக்கொண்டு போய், அறையை மட்டும் எடுத்தால், விடுதிக்கு நஷ்டம், விறகும் தண்ணீரும் தனிச் செலவு. ஊறுகாய், பருப்புப் பொடி கொண்டு போங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தால் பாத் கேட்டால் போதும் போதும் என்னும் வரை சோறும் பருப்பும் வரும். பரிமாறும் அக்காவை ‘தீதி’ என்றும் அண்ணனை ‘தாய்’ என்றும் கூப்பிட வேண்டும். அண்ணனைப் போய்த் தாய் என்பதா என்று நம் ஆட்கள் முதல் நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் சமையற்கட்டு வாசலில் நின்று ‘தாய், இன்னும் கொஞ்சம்’ என்பார்கள். குழு பத்துப் பேரைத் தாண்ட வேண்டாம். இருபது பேரோடு போனால் விடுதியே நிரம்பிவிடும், பின்னால் வரும் நடைபயணிக்கு அன்றிரவு போக வேறு இடம் இல்லை.

இனி ஏரி. கயேர் பராஹ என்பது அங்கே தெய்வத்தின் பெயர், பராஹ என்றால் நம் வராகமேதான். கரையில் சிறு கோயில், திரிசூலங்கள், மணிகள். கோயிலை நெருங்கும்போது செருப்பைக் கழற்றுங்கள், ஒரு நிமிடம் கால் குளிர்ந்தால் ஒன்றும் ஆகாது. தீர்த்தம் வேண்டுமென்றால் உள்ளங்கையளவு எடுத்துத் தலையில் தெளித்துக்கொள்ளலாம். முங்கிக் குளிக்கும் வீடியோவுக்கு யாரையும் தூண்டாதீர்கள். பக்தி ஒரு பக்கம் இருக்க, நனைந்த உடம்போடு அங்கிருந்து மூன்று மணி நேரம் இறங்க வேண்டும், ஒதுங்க வீடு கிடையாது. கற்பூரம் வந்த பிளாஸ்டிக் உறை, பிஸ்கட் தாள், ஈரக் காகிதம் எல்லாம் வந்த பையிலேயே திரும்பி வரட்டும்.

சிலர் ‘ஜனை பூர்ணிமா சிறப்பு நடை’ என்று போடத் தொடங்கியிருக்கிறீர்கள். அது நம் ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமி, அங்கேயும் பூணூல் மாற்றும் நாள்தான். அன்று ஏரிக்குக் கிராமத்து மக்கள் நேர்த்திக்கடனோடு ஏறுவார்கள், ஆட்டுப்பலி உண்டு. பார்க்க மனம் ஒப்பாதவர்களை அழைத்துப் போக வேண்டாம், ஒப்புகிறவர்கள் கேமராவைப் பைக்குள் வைக்கட்டும். அது மழைக்காலம்: காட்டுப் பாதையில் அட்டை, முகட்டில் நாள் முழுக்க மேகம், மலைக்காட்சி என்று விளம்பரப்படுத்த அங்கே எதுவும் தெரியாது. விடுதி யாத்திரிகர்களால் நிறைந்திருக்கும், உங்கள் பத்துப் படுக்கை அவர்களுடைய பத்துப் படுக்கை. அந்த வாரத்தை அவர்களுக்கே விட்டுவிட்டு, அக்டோபர் இரண்டாம் பாதிக்குத் தேதி போடுங்கள்.

அன்புடன்,
இந்தத் தடத்தில் ஆள் அழைத்துப் போகும் சிலர்