அட்மிஷனுக்கு முன்பே செலவைப் பேசுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் காப்பீடு இருந்தும் கைக்காசு போட்டுத்தான் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது என்ற புலம்பல் எல்லா ஊரிலும் கேட்கிறது. பழி முழுவதும் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் விழுகிறது. பாதிப் பழி அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். மீதிக்குக் காரணம், டாக்டரும் நோயாளியும் பேசாமல் விட்ட ஐந்து நிமிடம். "பண விஷயமெல்லாம் கீழே இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார் டாக்டர். காசைப் பற்றி அவரிடம் கேட்க நோயாளிக்கும் கூச்சம். ஆனால் கிளைம், அதாவது காப்பீட்டுப் பணம் கேட்கும் கோரிக்கை, தேறுமா தேறாதா என்பது இன்சூரன்ஸ் டெஸ்க்கில் முடிவாவதில்லை. டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதும் நான்கு வரியில் முடிவாகிறது.

முதலில் அறை. பல பாலிசிகளில் ஒரு நாள் அறை வாடகைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்று வரம்பு இருக்கும். 5 லட்ச ரூபாய் பாலிசி என்றால் 5,000 ரூபாய். 8,000 ரூபாய் தனி அறை எடுப்பவர், "நாலு நாளைக்குக் கூடுதலாக 12,000 தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்கிறார். கணக்கு அங்கே முடிவதில்லை. வரம்பு 5,000, எடுத்தது 8,000 என்பதால், சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம், நர்சிங் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் 62.5 சதவீதம்தான் தருவார்கள். இவை சேர்ந்து 1,60,000 ரூபாய் என்றால் 1 லட்சம்தான் வரும். ஆக, 12,000 என்று நினைத்தவர் கட்டப்போவது 72,000.

இந்த வெட்டுக்கும் எல்லை உண்டு. மருந்து, உடலில் பொருத்தும் ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்றவை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் இப்படி விகிதம் போட்டு வெட்டும் விகிதக் கழிவு செய்யக்கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-லேயே சொல்லிவிட்டது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையில் விகிதக் கழிவே கூடாது. அப்படிப்பட்ட மருத்துவமனை, தன் லெட்டர்ஹெட்டில் அதை எழுதித் தந்தால் போதும். பல இடங்களில் யாரும் கேட்பதில்லை, அவர்களும் தருவதில்லை. ஷேரிங் ரூமில் படுத்தாலும் அதே ஆபரேஷன், அதே கைதான் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பேர் தனி அறை கேட்கமாட்டார்கள்.

அடுத்தது, அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். நள்ளிரவில் கேஷுவாலிட்டியில் டூட்டி டாக்டர் கேட்கிறார்: "சுகர் எத்தனை வருஷமா?" கூட வந்த மருமகன், "ஒரு பத்து வருஷம் இருக்கும் டாக்டர்" என்கிறார். 'டிஎம் (சர்க்கரை நோய்), பத்து வருடம்' என்று எழுதியாகிவிட்டது. பாலிசி எடுத்து நான்கு வருடம்தான் ஆகிறது என்றால், சர்க்கரை நோயை மறைத்துப் பாலிசி எடுத்ததாகச் சொல்லி கிளைமை நிறுத்திவிடுவார்கள். உண்மையில் மூன்று வருடம் முன்புதான் கண்டுபிடித்திருப்பார்கள். பின்னால் திருத்தினால், அடித்து எழுதிய அந்த வரியே சந்தேகத்துக்கு இடமாகும். ஆகவே, சர்க்கரை, பிபி, தைராய்டு எது இருந்தாலும் முதன்முதலில் கண்டுபிடித்த மருந்துச்சீட்டையோ லேப் ரிப்போர்ட்டையோ போனில் படம் எடுத்து வைத்திருங்கள். டாக்டர்களும் ஆதாரம் பார்த்து எழுதுங்கள். இல்லையென்றால் 'உறவினர் சொன்னது' என்று சேர்த்தாவது எழுதுங்கள். உண்மையிலேயே பத்து வருடம் என்றால் குறைத்து எழுதச் சொல்லி டாக்டரைக் கெஞ்சக்கூடாது. அது மோசடி. பாலிசி எடுக்கும்போதே இருந்து, அதைச் சொல்லி எடுத்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்குக் கிளைம் கிடைக்காத காலம்) 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம்தான். 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பாலிசியில், மோசடியை நிரூபித்தால் ஒழிய, 'நோயை மறைத்தார்' என்ற காரணத்தைக் காட்டவே முடியாது.

காய்ச்சல் அட்மிஷன் தனிக் கதை. மாத்திரையும் பரிசோதனையும் மட்டும் நடந்திருந்தால் 'பரிசோதனைக்காக மட்டும் சேர்க்கப்பட்டவர்' என்று மறுப்பார்கள். பாலிசியில் அதற்கு ஷரத்தே இருக்கிறது. வாந்தி நிற்கவில்லை, பிபி இறங்கியது, பிளேட்லெட் எண்ணிக்கை இவ்வளவு, டிரிப்ஸ் தேவைப்பட்டது என்று சேர்த்த காரணத்தை எழுதியே ஆக வேண்டும். அப்படி ஒரு காரணம் இல்லையா? "வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், படுக்கை வேண்டாம்" என்று சொல்வதுதான் நேர்மை. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று படுக்க வைப்பது கடைசியில் நோயாளி தலையில்தான் விடியும். விபத்து என்றால் ஏ.ஆர். (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) நகலை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

எஸ்டிமேட் வாங்கும்போது மொத்தத் தொகை மட்டும் போதாது. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எவ்வளவு அனுமதி வரும், எவ்வளவு கையிலிருந்து என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். முதலில் வரும் அனுமதித் தொகை முழுத் தொகை அல்ல. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி ஆபரேஷனில்) ஆரம்பித்து வயிற்றைத் திறக்க நேர்ந்தாலோ, ஐசியுவில் இரண்டு நாள் கூடினாலோ கூடுதல் அனுமதி கேட்க வேண்டும். அதற்கும் டாக்டர் குறிப்புதான் வேண்டும்.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் சேரும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, உங்களுக்கு வேண்டிய சிகிச்சைப் பிரிவுக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். 'பேக்கேஜ் (சிகிச்சைக்குத் திட்டம் தரும் தொகை) கட்டுபடியாகாது, வித்தியாசத்தைக் கட்டுங்கள்' என்று திட்டத்தில் வரும் சிகிச்சைக்குப் பணம் வாங்குவது விதிமீறல்.

டிஸ்சார்ஜ் அன்று நடக்கும் சண்டை பற்றியும் சொல்ல வேண்டும். ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, முன் அனுமதிக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்லியாக வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வசூலிப்பதை நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் அந்த மூன்று மணி நேரம், மருத்துவமனை கோரிக்கையை அனுப்பிய பிறகுதான் தொடங்குகிறது. காலை ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் தியேட்டருக்குப் போய்விடுகிறார். டிஸ்சார்ஜ் சம்மரி (சிகிச்சைச் சுருக்கம்) டைப் ஆகி, அவர் திருத்திக் கையெழுத்துப் போட்டு, மீதி மருந்து பார்மசிக்குத் திரும்பி, பில் மூடும்போது மணி இரண்டு. அதன்பிறகே மெயில் போகிறது. முந்தின நாள் மாலையே சம்மரியைத் தயார் செய்தால் இந்தச் சண்டையில் பெரும்பகுதி இருக்காது.

கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் வசதியை, மறுத்தால் கிளைமே போய்விட்டது என்று பொருள் இல்லை. பணம் கட்டிவிட்டு, அசல் பில்களோடு திரும்பக் கோரலாம். அதையும் மறுத்தால் எந்த ஷரத்தின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் கிளைம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக்கூடாது என்பதும் அதே சுற்றறிக்கையில் உள்ளது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஓர் ஆண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்கை எடுப்பார்கள். அங்கே எடுபடுவது, சிகிச்சை தந்த டாக்டரின் ஒரு பக்க விளக்கக் கடிதம். அந்த ஒரு பக்கத்துக்காக நோயாளியை வாரக்கணக்கில் அலையவிடும் மருத்துவமனைகள் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து அதையும் தருவதை வழக்கமாக்கினால் என்ன?

இப்படிக்கு,
மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவு ஊழியர்,
மதுரை