பாப்பா, அந்த ஒயர கழட்டிட்டு மறுபடி மாட்டு

பாப்பாவுக்கு அப்பா எழுதுறேன்.

நேத்து ராத்திரி நீ வாட்ஸப்ல அனுப்புன போட்டோ வந்துச்சு. வண்டில ஃபாக் லைட் ரெண்டு, ஹேண்டில்பார்ல மொபைல் சார்ஜர், பக்கத்துல நீ சிரிச்சுக்கிட்டு நிக்கிற. அம்மா அத பக்கத்து வீடு வரைக்கும் கொண்டு போய் காட்டிட்டு வந்துட்டா. நான் மட்டும் சீட்ட கழட்டி எடுத்த அந்த ரெண்டாவது போட்டோவ பெருசாக்கி பெருசாக்கி பார்த்துக்கிட்டே இருந்தேன், தூக்கமே வரல. போன்ல சொன்னா ஆபிஸ் அவசரத்துல "சரிப்பா சரிப்பா"ன்னு வச்சிடுவ, அதனாலதான் உக்காந்து டைப் பண்றேன். பொறுமையா படி தாயி.

சார்ஜருக்கு பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு செகப்பு ஒயர் நேரா போகுது, நடுவுல ஃபியூஸே இல்ல. ஃபாக் லைட்டுக்கு டூமுக்குள்ள, அதான் ஹெட்லைட் கூட்டுக்குள்ள, ஹெட்லைட் ஒயர சீவி, அதுலயே முறுக்கி, கருப்பு டேப்ப சுத்தி விட்டிருக்காங்க. பூனாவுல அந்த கடைக்காரர் அர மணி நேரத்துல முடிச்சு குடுத்தாருன்னு சந்தோஷமா எழுதியிருந்த. அர மணி நேரத்துல இப்படித்தான் முடிக்க முடியும்.

இத உன்கிட்ட நான் இதுவர சொன்னதில்ல. நம்ம வண்டி ஒயரிங் கடை ஆரம்பிச்ச புதுசு, நீ பொறக்கல. ஒருத்தர் அவசரமா வந்து ஹார்ன் மாத்த சொன்னாரு, நானும் பேட்டரில இருந்து நேரா ஒரு ஒயர் இழுத்து குடுத்துட்டேன், ஃபியூஸ் போடல. போட்டா பத்து ரூபா கூட ஆகும், கஸ்டமர் மொனகுவாருன்னு ஒரு நெனப்பு. ஒரு மாசம் கழிச்சு நத்தம் ரோட்டுல ராத்திரி, பின்னாடி சம்சாரம், முன்னாடி டேங்க் மேல சின்ன பையன், அப்ப டேங்குக்கு அடியில இருந்து பொகை வந்திருக்கு. கோன் கிட்ட, ஹேண்டில் திரும்புற எடத்துல, அந்த ஒயர் பாடில ஒரசி ஒரசி தோல் போயி காப்பர் பாடிய தொட்டிருச்சு. வண்டிய சாச்சு போட்டுட்டு மண்ண அள்ளி அள்ளி கொட்டி அணைச்சாங்களாம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. மறுநாள் அவரு கோவமா கூட பேசல, வண்டிய தள்ளிக்கிட்டு வந்து நிறுத்துனாரு அவ்வளவுதான். அந்த ஒயர் துண்டு இன்னும் என் டிராயர்ல இருக்கு, செகப்பு தோலு உருகி கரிக்கட்டையா ஒட்டிக்கிட்டு, உள்ள காப்பரு கருப்பா மொறுமொறுன்னு, மடக்குனா ஒடியும். அந்த பையன் டேங்க் மேல உக்காந்திருந்தான், அது மட்டும் எனக்கு மறக்கல.

ஸ்டார்ட்டர் மோட்டாரையே சுத்துற பேட்டரி அது, பிளஸ் நேரா பாடிய தொட்டா அந்த நொடியே நூறு ஆம்பியருக்கு மேல தள்ளிடும். ஃபியூஸ் லைட்ட காப்பாத்தறதுக்குன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, அது ஒயர காப்பாத்தறதுக்கு. அதனால பேட்டரில இருந்து கிளம்பின ஒடனே, ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். லைட் பக்கத்துல வச்சா அதுக்கு முன்னாடி இருக்குற ஒயர் முழுக்க காவல் இல்லாமதான் கெடக்கும்.

கணக்கு சுலபம். உன் லைட்டு ஒண்ணு 20 வாட், ரெண்டுக்கும் 40, அத 12-ஆல வகுத்தா மூணே கால் ஆம்பியர் சொச்சம். அதுக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், 1 ஸ்கொயர் எம்எம் ஒயர், போதும். சார்ஜருக்கு தனியா ஒரு 3 ஆம்பியர். ஃபியூஸ் போச்சுன்னா எங்க ஒரசுதுன்னு தேடணும், 15 ஆம்பியர் போடறதோ சாக்லேட் பேப்பர சுத்தறதோ உயிரோட வெளையாடற வேல.

லைட்ட ஹெட்லைட் ஒயர்ல கோக்கவே கூடாது. 2017 ஏப்ரல்ல இருந்து வர்ற வண்டிக்கு ஹெட்லைட்ட ஆஃப் பண்ற சுவிட்சே கிடையாது, ஓடுற வரைக்கும் அந்த ஒயர்ல கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கு, கம்பெனிக்காரன் ஒரு லைட்டுக்குன்னு கணக்கு பண்ணி வச்ச ஒயரு அது. நீ ஒரு ரிலே போடு, சின்ன கரண்ட வச்சு பெரிய கரண்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச் டப்பா அது. அடியில நம்பர் அச்சடிச்சிருக்கும். 30-ல பேட்டரி பிளஸ், ஃபியூஸ் வழியா. 87-ல இருந்து லைட்டுக்கு. 85 எர்த். 86-க்கு மட்டும் பார்க்கிங் லைட் ஒயர்ல இருந்து உன் சுவிட்ச் வழியா ஒரு சின்ன லைன், அது கால் ஆம்பியர் கூட இழுக்காது, ரிலேய தட்டி விடறதுதான் அதோட வேல. கீ ஆஃப் பண்ணுனா லைட்டும் தானா அணைஞ்சிடும், மறந்து போயி காலைல பேட்டரி டவுன்னு நிக்க வேண்டாம். சார்ஜரையும் இதே மாதிரி கீ-க்கு பின்னாடி கொண்டு வந்திரு, போன் மாட்டாட்டி கூட அது கொஞ்சம் கொஞ்சமா பேட்டரிய குடிக்கும். எர்த்த பெயிண்ட் அடிச்ச போல்ட்ல வைக்காத, நேரா பேட்டரி மைனஸுக்கே கொண்டு வா.

கம்பெனி ஒயர வெட்டாத. அதே சைஸ் கப்ளர், ஒயருங்கள சொருகி சேக்கற பிளக், ஆண் பெண் ரெண்டும் கடைல கிடைக்கும், நடுவுல சொருகி அதுல இருந்து எடுத்துக்கலாம். உன் வண்டி 2020-க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புது பொகை விதிக்கு செஞ்சது), பெட்ரோல் இன்ஜெக்ஷன், அத நடத்துற சின்ன கம்ப்யூட்டர் உள்ள இருக்கு, அதனால கண்ட ஒயர்ல டெஸ்ட் லேம்ப்ப குத்தாத, மல்டிமீட்டர் வச்சு பாரு.

ஜாயின்ட்டுக்கு முறுக்கறதும் டேப்பும் வேணாம்மா. இன்ஜின் சூட்டுல டேப்போட கோந்து எளகி வழுக்கிட்டு வந்திடும், அப்புறம் தாம்ஹினி காட் மலைப்பாதைல பெய்யுற மழைக்கு காப்பரு பச்சை பூத்திடும். ஒயர் முனைக்கு லக்கு, அதான் உலோக முனை, போட்டு நல்ல டூலால கிரிம்ப் பண்ணு, அதாவது அழுத்தி நசுக்கு, பண்ணுனதும் பலமா இழுத்து பாரு, கையோட வந்தா இப்பவே வரட்டும். மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சூடு காட்டுனா சுருங்கி ஒட்டிக்கிற குழாய் அது, ஆனா கிரிம்ப் பண்றதுக்கு முன்னாடியே ஒயர்ல கோத்துக்க, இத மறந்து நான் எத்தன தடவ ஜாயின்ட்ட பிரிச்சிருக்கேன். சால்ட்ரிங் நல்லதுன்னு யாராவது சொல்லுவாங்க, சிங்கிள் சிலிண்டர் அதிர்வுல ஈயம் முடியற எடத்துல ஒயர் வெறைச்சு ஒடிஞ்சிடும்.

ஒயர் போற வழிதான் நான் ரொம்ப கவனிக்கிறது. கம்பெனி ஒயரிங் கிட் எந்த வழில போகுதோ அத ஒட்டியே போ, கிளட்ச் கேபிளோடயும் ஆக்சிலரேட்டர் கேபிளோடயும் கட்டிடாத. கோன் கிட்ட தளர்வா விட்டு, ஹேண்டில இந்த கோடி அந்த கோடி முழுசா திருப்பி பாரு, எங்கயும் இழுக்க கூடாது, நசுங்க கூடாது. கப்ளருக்கு கீழ ஒயர் கொஞ்சம் தொங்கற மாதிரி வளச்சு விட்டா மழத்தண்ணி உள்ள போகாம அங்கயே சொட்டிடும்.

எல்லாம் முடிஞ்சதும் லைட்டெல்லாம் போட்டு, இன்ஜின் வேகத்த கொஞ்சம் ஏத்தி வச்சு, பேட்டரில மீட்டர் வை, 14 வோல்ட் பக்கத்துல காட்டணும். 13-க்கு கீழ நின்னா சார்ஜ் ஏறல, பேட்டரிதான் கரையுதுன்னு அர்த்தம்.

பார்சல் இன்னைக்கு போட்டுட்டேன். ஒயர் ரெண்டு கலர்ல அஞ்சஞ்சு மீட்டர், ரிலே ரெண்டு, ஃபியூஸ் ஹோல்டர், ஸ்லீவ், லக்கு, அப்புறம் என்னோட கிரிம்ப்பிங் டூல், எனக்கு வேற வாங்கிக்கிறேன். அம்மா எடம் இருக்குன்னு முறுக்கு டப்பாவும் வச்சிருக்கா.

அது வர்ற வரைக்கும் காத்திருக்காத. இன்னைக்கு ராத்திரியே சீட்ட கழட்டி, முதல்ல மைனஸ கழட்டு, ஸ்பேனர் தப்பி பாடில பட்டாலும் தீப்பொறி வராது, அப்புறம் பிளஸ்ல இருந்து அந்த செகப்பு ஒயர எடுத்து டேப் சுத்தி ஓரமா வச்சிரு. திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசில. டூமுக்குள்ள இருக்குறத பிரிக்க தெரியலன்னா வீடியோ கால் போடு, கூடவே இருந்து சொல்றேன். கழட்டிட்டேன்னு ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பு, எத்தன மணியானாலும் பரவால்ல, நான் முழிச்சிக்கிட்டுதான் இருப்பேன்.

அப்பா