ரூம் டோன் எடுத்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

குறும்படக் குழுவினருக்கு,

ஷூட்டிங் முடிந்து பேக்-அப் சொல்லியாகிவிட்டது. வேன் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உட்கார்ந்து எழுதும்போதுகூட வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது. நடிக்க வந்தவன் ஏன் வேன் ஓட்ட உட்கார்ந்தேன், நடுவில் என்ன ஆனது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைக் கிளறப் போவதில்லை. படம் நின்றுபோகவில்லை, அது போதும்.

விடியும் முன்னே யூனிட்டை ஏற்றி இறக்க வேண்டும்; ராத்திரி கேமரா முன்னால் மறுபடி ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். பக்கத்து சீட்டில் அழுகிறவரைத் திரும்பிப் பாரடா என்பான் கேரக்டர். ரோட்டைப் பாரடா என்பான் டிரைவர். இரண்டு பேரும் நானேதான். பானட்டில் பொருத்திய கேமரா வேறு பாதிக் கண்ணாடியை மறைக்கும்.

அந்தக் கார் சீன் எடுத்த ராத்திரி. வசனத்தை அங்கேயே பதிவு செய்கிற லைவ் சவுண்ட் என்பதால் ஏசி கிடையாது, கண்ணாடியையும் இறக்கக் கூடாது. ஃப்ரேமில் தலை தெரிந்துவிடக் கூடாது என்று சவுண்ட் பார்த்த அக்கா பின்சீட்டில் கால் வைக்கிற இடத்தில் ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தார். என் சட்டைக்குள் ஒட்டியிருந்த மைக், நான் விட்ட மூச்சையெல்லாம் அவர் காதுக்குத்தான் கொண்டுபோனது. பின்னால் வந்த வண்டியில் மானிட்டர் பார்த்த டைரக்டர், "அண்ணே, அந்தக் களைப்பு சூப்பரா வருது, அப்படியே வைங்க" என்றார். அது நடிப்பில்லை என்பது அக்கா ஒருவருக்குத்தான் தெரிந்தது. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்த டேக் முடிந்ததும் அக்கா வாக்கி-டாக்கியில் சொன்னார்: "ரூம் டோன் வேணும். ஓரமா நிறுத்துங்க, இன்ஜின் ஆஃப். நான் சொல்ற வரைக்கும் யாரும் வண்டிகிட்ட வராதீங்க."

தெரியாதவர்களுக்கு: வசனமே இல்லாமல் ஓர் இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்வதுதான் ரூம் டோன். எடிட்டிங்கில் வசனத்தை வெட்டி ஒட்டுகிற இடத்தில் சத்தம் திடீரென்று அறுந்துபோகாமல் இருக்க அதைப் போடுவார்கள். அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ எடுத்தால் தாராளம். சின்னப் படங்களில் சவுண்டுக்காரர் பேச்சை யார் மதிக்கிறார்கள்? அன்றைக்கு மொத்த யூனிட்டும் மதித்து, வாயை மூடிக்கொண்டு ரோட்டோரம் நின்றது. நான் கண்ணை மூடினேன். தோளைத் தட்டி அக்காதான் எழுப்பினார். ஒரு நிமிஷம் கண்ணயர்ந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று எடிட்டர் போன் பண்ணினார். "அண்ணே, கார் ரூம் டோன் 20 நிமிஷத்துக்கு மேல ஓடுது. முதல் நிமிஷம்தான் தேறும். மிச்சமெல்லாம் உங்க குறட்டை."

அக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. அதோடும் விடவில்லை. நான் எழுந்ததும், "டயர் சத்தம் டயலாக்கை முழுங்குது, மிச்சத்தை வண்டியை நிறுத்தி வச்சே எடுங்க" என்று அடம்பிடித்தார். டயர் சத்தம் முதல் டேக்கிலிருந்தே இருந்ததுதான்!

முனகிக்கொண்டே ஒத்துக்கொண்ட கேமராமேன், பம்பருக்கடியில் கட்டை கொடுத்து வண்டியை ஆட்டியவர்கள், எதிரே வண்டிகள் கடந்துபோவதுபோல லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், டாஷ்போர்டு கடிகாரம் ஷாட்டுக்கு ஷாட் மாறாமல் பார்த்துக்கொண்ட கன்டினியூட்டி தம்பி, திரும்பும்போது பேசாமல் என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்ட லைட் யூனிட் தம்பி, எல்லோருக்கும் நன்றி. வெளியே இருட்டு என்பதால் நின்ற வண்டி ஓடுகிற வண்டியாகவே தெரிகிறது. ஓட்டி எடுத்ததைவிட அதில்தான் நான் ஒழுங்காக நடித்திருக்கிறேன். இரண்டு கண்ணும் நடிப்புக்கே கிடைத்ததே.

தூங்காமல் எடுத்தோம் என்பதை நாம் மெடல்போலக் குத்திக்கொள்கிறோம். எழுதுகிறவரோ எடிட் பண்ணுகிறவரோ தூங்காமல் இருக்கட்டும், அது அவர்கள் பாடு. இனி எந்த ஷூட்டிங்குக்குப் போனாலும், ஓட்டுகிறவர் எப்போது தூங்கினார் என்று கேட்காமல் வண்டியில் ஏற மாட்டேன்.

அக்கா, அந்த ஃபைலை அழிக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். எடிட்டர் மறுக்கிறார். படத்தில் அப்பா தூங்குகிற சீனுக்கு நல்ல குறட்டை தேடிக்கொண்டிருந்தாராம்.