கோர் இல்லாமல் கணக்கு நிற்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

எண்ணெய்க் கிணறுகளில் செயற்கை நுண்ணறிவு பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சி, ஆனால் கிணற்றுக்குள் இறக்கி ஆழத்துக்கு ஆழம் பாறையின் பண்புகளைப் பதிவு செய்யும் லாக் கருவிகள் பாறையின் ஊடுருவுதிறனை, அதாவது திரவம் அதற்குள் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை, அளந்து சொல்லிவிடும் என்று எழுதியிருப்பது தவறு, அதைத் திருத்தியே ஆகவேண்டும். அதற்குக் கோர், அதாவது கிணற்றிலிருந்து வெட்டி எடுக்கும் பாறை உருளை, வேண்டும்.

கருவிகள் அளப்பது வேறு. அடர்த்தி, நியூட்ரான் லாக்குகளை வைத்துப் பாறையில் துளைகள் எத்தனை சதவீதம் என்று சொல்லலாம், காமா லாக் களிமண் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும், மின்தடை லாக்கை வைத்து அந்தத் துளைகளில் நீர் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். அந்தத் துளைகளை இணைக்கும் வழி எவ்வளவு குறுகல் என்பதை இவற்றில் ஒன்றும் நேராகப் பார்ப்பதில்லை. எண்ணெய் வருமா வராதா என்பதோ அந்த வழியைப் பொறுத்தது.

வடகடலில் நார்வே பகுதியில் 1969-ல் கண்டுபிடிக்கப்பட்ட எகோஃபிஸ்க் எண்ணெய் வயலைப் பாருங்கள். அது சீமைச்சுண்ணாம்புப் பாறை. துளை 30 சதவீதத்தைத் தாண்டும் அடுக்குகள் அங்கே உண்டு, இருந்தும் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் பாறையின் சொந்த ஊடுருவுதிறன் சில மில்லிடார்சிதான் (மில்லிடார்சி என்பது ஊடுருவுதிறனின் அலகு), வெடிப்புகள் இருப்பதால்தான் கிணறுகள் நன்றாக ஓடின. அதே 30 சதவீதத் துளையுள்ள நல்ல மணற்பாறை ஆயிரம் மில்லிடார்சியைக்கூட எட்டும். நம் காவிரிப் படுகையில் மாதானம் பக்கம் கதை தலைகீழ்: அங்கே அடித்தளக் கடினப் பாறையின் வெடிப்புகளில் எண்ணெய் இருக்கிறது, பாறையில் துளை என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை.

சரி, லாக் அளவுகளிலிருந்து ஊடுருவுதிறனைக் கணக்கிடச் சூத்திரங்கள் இல்லையா? இருக்கின்றன. 1968-ல் டைமூர் தந்தது இன்றும் புழக்கத்தில் உண்டு, அதுவே ஆய்வகத்தில் அளந்த மணற்பாறைக் கோர்களிலிருந்து பிறந்ததுதான். அதில் துளை அளவு 4.4 அடுக்கில் வருகிறது, அதாவது 15 சதவீதத்தை 18 என்று எடுத்துவிட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், விடை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். துளைகளின் அளவுக்கு இன்னும் நெருக்கமாகப் போகும் காந்த ஒத்ததிர்வு லாக்குக்கும் அந்தந்தப் பாறைக்கேற்ற மாறிலிகள் வேண்டும், அவையும் கோரிலிருந்துதான் வரவேண்டும்.

செயற்கை நுண்ணறிவு நிரலும் அப்படித்தான், தான் பார்த்த கோர்களிலிருந்தே கற்கிறது. கோர் எடுக்கச் செலவு அதிகம், கிணறு தோண்டும் ரிக்கின் நேரமும் போகும், அதனால் செலவைக் குறைக்க முதலில் கைவிடுவது அதைத்தான். அப்புறம் அறிக்கையில் வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வரும்போது, எந்தப் பாறையின் எத்தனை கோர்களோடு சரிபார்த்தார்கள், பயிற்சியில் சேர்க்காத கிணற்றில் சோதித்தார்களா என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
லாக் ஆய்வுப் பணியில் இருந்த ஒரு வாசகர்,
காரைக்கால்