வெத்தலக்கடை அமாவுக்கும் மத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு பதினாறு முடிஞ்சு இன்னிக்கி மூணாவது நாள். அம்மா வளப்புப் புள்ள, நம்ம குலம் இல்லன்னு வாசல்ல வச்சு யாரு என்ன பேசினாங்கன்னு ரங்கூன்ல நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரியும், அத திரும்ப எழுத எனக்கு தெம்பு இல்ல. நன்றி சொல்ல மட்டும்தான் உக்காந்திருக்கேன்.

மொதல்ல காளி கோவில் பக்கத்து வெத்தலக்கடை அமாவுக்கு. பர்மிய பேச்சுல அமான்னா அக்கா.

அம்மாவோட தகரப்பொட்டில கூறைப்புடவைக்கு அடியில இருந்த அந்த கடிதாசிய வச்சுக்கிட்டு நாலு நாள் அலைஞ்சேன். பாத்தா பர்மிய எழுத்து மாதிரியே இருக்கு, எழுத்துக்கூட்டி படிச்சா ஒண்ணும் புரியல, இது மோன் பாஷைன்னு அப்புறம்தான் ஒருத்தர் சொன்னாரு. வெத்தலக்கடை அமாவுக்கு மோன் சனங்க இருக்கற மோல்மீன் பக்கம்னு மட்டும் கேள்விப்பட்டிருக்கேன், அவங்ககிட்ட ஒரு நாளும் வெத்தல வாங்கினதுகூட இல்ல.

கடிதாசிய நீட்டினேன், அவங்க வாங்கல. வெரல் பூரா சுண்ணாம்பு. எந்திரிச்சு போயி கை கழுவி, கைலில தொடச்சு, மோந்து பாத்துட்டு மறுபடியும் கழுவிட்டு வந்துதான் வாங்கினாங்க. வெத்தலைக்கு நின்ன ரெண்டு பேர அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க, நல்ல யாவார நேரம் அது. மொதல்ல சத்தமில்லாம படிச்சாங்க. அப்புறம் முக்காலிய இழுத்துப் போட்டு என்னைய உக்கார சொல்லிட்டு, ஒவ்வொரு வரியா மோன்ல படிச்சு பர்மியத்துல சொன்னாங்க.

பர்மிய வருசம் 1326, அதாவது 1964. மோல்மீன் பக்கத்து முடோன்லேருந்து அம்மாவ பெத்தவளோட அம்மா எங்க தாத்தாவுக்கு எழுதினது. கப்பல் வருதாமே, புள்ளைய கூட்டிக்கிட்டு போங்க, நான் தேடி வர மாட்டேன், அவளுக்கு காய்ச்சல் வந்தா மட்டும் பாத்துக்கங்க. அவ்வளவுதான் கடிதாசி.

அந்த வருசம் கடைய எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 50, 100 நோட்டெல்லாம் செல்லாதுன்னு ஆகி, சொந்தபந்தம் எல்லாம் மெட்ராஸுக்கு கப்பல் ஏறுச்சு. நீங்க ஏன் தாத்தா போகலன்னு கேட்டா டிக்கெட் கெடைக்கலம்பாரு. புள்ளைக்கு பேப்பர் கெடைக்கலன்னு இப்பதான் வியாசர்பாடி பெரியப்பா போன்ல சொல்றாரு. ஏழு வயசு மோன் புள்ளைய விட்டுட்டு போக மனசு வராம தாத்தாவும் பாட்டியும் இங்கயே நின்னுட்டாங்க.

1823க்கு முன்னாடியே இந்த மண்ணுல இருந்த இனம்னா 1982 பர்மா குடியுரிமை சட்டத்துல நேரா குடியுரிமை. அம்மா பொறந்த மோனும் அந்த மாதிரி இனம்தான். ஆனா அட்டைல இந்தியா தமிழ்னு போட்டுக்கிட்டு எங்களோட வரிசைல நின்னு, உங்க தாத்தா எப்ப வந்தாருன்னு கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச்சு. ஒரு நாளும் நான் வேற ஆளுன்னு சொல்லல. அத நெனச்சா இப்பவும் தொண்ட அடைக்குது.

கடைசில அமா, கடிதாசில இருந்த அம்மா பேர நீ தப்பா சொல்ற, மோன் பொம்பளைங்க பேரு 'மி'ன்னு ஆரம்பிக்கும், இப்படி கூப்பிடணும்னு ரெண்டு தடவ கூப்பிட்டு காட்டினாங்க. வீட்டுக்குள்ள இருக்கற புள்ளைய வாசல்லேருந்து கூப்பிடுற மாதிரி. போன்ல பதிஞ்சு வச்சிருக்கேன். பணம் குடுத்தேன், கைய தள்ளிவிட்டாங்க. அம்மா படத்துக்கு வைக்க சொல்லி நாலு வெத்தலைய தண்ணி தெளிச்சு மடிச்சு குடுத்தாங்க, அதத்தான் படையல்ல வச்சேன்.

வளத்தவங்க குலம்தான் புள்ளைக்கு குலம், நடத்துங்கன்னு அத்தன பேர் முன்னாடி சொன்ன பண்டாரம் ஐயா, பதினாறு நாளும் அடுப்ப அணைய விடாத பக்கத்து வீட்டு அத்தைங்க, பந்தல் போட்ட பசங்க, ராத்திரி ராத்திரியா போன்ல பேசின வியாசர்பாடி பெரியப்பா, ஒண்ணுமே கேக்காம வந்து கூட உக்காந்திருந்தவங்க, உங்க எல்லாருக்கும் கையெடுத்து கும்பிடுறேன். அன்னிக்கி பேசினவங்க மேலயும் எனக்கு கோவம் இல்ல, வீட்டுக்கு வாங்க.

இனிமே திதிக்கு அம்மாவோட தமிழ்ப் பேரு, மோன் பேரு ரெண்டையும் சொல்லித்தான் கும்பிடுவேன். மழை விட்டதும் முடோன் போறேன், அங்க யாராவது இருக்காங்களோ இல்லையோ.

அமாவுக்கு தமிழ் தெரியாது. நாளைக்கி கடையில உக்காந்து இத நான் பர்மியத்துல படிச்சு காட்டணும். அந்த கை கழுவின எடத்த மட்டும் எப்படி படிக்கப் போறேன்னு தெரியல.